வான்டில் ஆற்றில் ஒரு பிள்ளையார்

செப்டம்பர் 4, புதன்

லண்டனில் மகள் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. மழை பெய்கிறது என்று சொல்ல முடியாது. ஓட்டை ஓட்டு வீடு மாதிரி வானம் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. தேம்ஸ், அரண்மனை, மணிக்கூண்டு எல்லாம் முதல் வாரத்திலேயே பார்த்தாயிற்று. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது மாப்பிள்ளை கேட்டார்: “ஞாயித்துக்கிழமை ஆத்துக்குப் போறேன் அத்தை. நீங்களும் வாறீங்களா?”

“குளிக்கவா?”

“இல்ல, குப்பை அள்ள.”

மகள் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். “வீட்டுக் குப்பைத்தொட்டியை வாசல்ல வைக்கச் சொன்னா இவருக்கு இடுப்பு வலிக்கும். ஊர்க் குப்பைன்னா விடியுமுன்ன எந்திச்சு ஓடுவாரு.”

நான் விக்கிரமசிங்கபுரத்தில் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள். பாபநாசம் படித்துறை பக்கம்தான். பரிகாரம் செய்ய வருகிறவர்கள் உடுத்திய துணியைத் தாமிரபரணியில் விட்டுவிட்டுப் போவார்கள். பாவமும் அதோடு போய்விடுமாம். பாவம் போகிறதோ என்னவோ, துணி போவதில்லை. பாறை இடுக்கில் சிக்கி, மண்ணில் புதைந்து, அங்கேயே கிடக்கும். நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் எத்தனையோ முறை அள்ளியிருக்கிறேன். அதனால் மாப்பிள்ளை கூப்பிட்டது எனக்குப் புதிதில்லை. இந்த ஊரிலும் ஆற்றில் இறங்கி அள்ள வேண்டியிருக்கிறதா என்பதுதான் புதிது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மகளுக்குத்தான் முகம் சரியில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

பேரன் பள்ளி விட்டு வந்ததும் கார்ஷல்டனுக்குப் பஸ் ஏறினோம். வான்டில் ஆற்றின் ஊற்றுக்கண்களில் ஒன்று அங்கே இருக்கிறது. பஸ்ஸுக்கு எனக்கு ஒன்றே முக்கால் பவுண்டு. நம் காசுக்கு 190 ரூபாய் சொச்சம். பேரனுக்கு இலவசம். நடத்துனர் கிடையாது. அட்டையைக் காட்டினால் பீப் என்கிறது, அவ்வளவுதான். நான் அவசரத்தில் மகளின் நூலக அட்டையைக் காட்டி, அது பீப் சொல்லாமல், பின்னால் பத்துப் பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர்கூட உச்சுக்கொட்டவில்லை. எனக்குத்தான் வியர்த்துவிட்டது.

கார்ஷல்டனில் ஊர் நடுவே குளம். தெப்பக்குளம் போலப் படிக்கட்டு இல்லை, சுற்றிலும் சாலையும் தேவாலயமும். தரையடியில் சுண்ணாம்புப் பாறை. அதில் ஊறி, வடிகட்டி வெளியே வருகிற தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது. இப்படிச் சுண்ணாம்புப் பாறையில் பிறக்கும் ஆறுகள் உலகத்திலேயே இருநூறு சொச்சம்தானாம். அதில் பெரும்பங்கு இங்கிலாந்தில். இந்த வான்டில் மொத்தமே சுமார் 14 கிலோமீட்டர்தான், வான்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸில் கலந்துவிடுகிறது. எங்கள் ஊரில் இதை ஆறு என்று சொல்ல மாட்டார்கள், வாய்க்கால் என்பார்கள்.

இந்த ஆற்றுக்கு உரிய மீன் டிரவுட். ஊட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீனின் உறவுக்காரன். பேரனுக்கு இதில் பெரிய படிப்பு இருக்கிறது. போன ஜனவரியில் வகுப்பறையில் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி வைத்து டிரவுட் முட்டைகளைப் பொரிக்கவைத்தார்களாம்.

“ஆச்சி, குட்டி மீன் வெளிய வரும்போது வயித்துல ஒரு சாப்பாட்டுப் பை இருக்கும். அது தீர்ற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடாது.”

“தீர்ந்ததும்?”

“பசிக்கும். நாங்க போடுவோம். அப்புறம் கொண்டுபோய் ஆத்துல விட்டோம். என் மீனுக்குப் பேரு ரொனால்டோ.”

பாலத்தின் மேல் நின்று ரொனால்டோவைத் தேடினோம். வாத்துகள்தான் இருந்தன. தூறல் விழுந்துகொண்டிருக்க, நாயோடு வந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்து இன்று நல்ல வானிலை என்று சொல்லிவிட்டுப் போனாள். கேலியா, நிஜமா என்று இந்த ஊரில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு கடையில் டீ 2 பவுண்டு 80. எங்கள் ஊரில் அந்தக் காசுக்கு இருபது டீ. சுவையில் அரை டீகூட இல்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

நாளை பிள்ளையார் சதுர்த்தி. டூட்டிங்குக்குச் சாமான் வாங்கப் போனோம். தெரு முழுக்கத் தமிழ்ப் பெயர்ப் பலகை. வாழையிலை, பச்சரிசி மாவு, தேங்காய், மட்டன் ரோல் எல்லாம் கிடைக்கிறது. அருகம்புல்லும் எருக்கம்பூவும்தான் இல்லை. மண் பிள்ளையார், உள்ளங்கை அளவு, 9 பவுண்டு. ஆயிரம் ரூபாய். கையில் எடுத்ததைக் கீழே வைக்க மனம் வராமல் வாங்கிவிட்டேன்.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: “அம்மா, இது மண் பிள்ளையார். வாளித் தண்ணியில விட்டாலே கரைஞ்சிடும். ஆத்தில கொண்டுபோய்ப் போடாதேங்கோ, பைன் அடிப்பினம்.”

“யாராவது போடுறாங்களா?”

“ஓம், போடுகினம்தானே” என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் மெர்டன் ஆபி மில்ஸில் நீர்ச்சக்கரம் பார்த்தோம். இந்தச் சின்ன ஆற்றின் கரையில் ஒருகாலத்தில் வரிசையாக மில்கள். மாவு, மூக்குப்பொடி, செம்பு, துணிச் சாயம் என்று இது அரைக்காததும் அலசாததும் இல்லை. துணி வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1881-இல் இந்தக் கரையில்தான் தன் அச்சுத் துணிப் பட்டறையை வைத்தார். சாயம் அலச இந்தத் தண்ணீர் தோதாக இருந்ததாம். எங்கள் ஊர் ஹார்வி மில்லும் ஆற்றுத் தண்ணீரின் வேகத்தை நம்பித் தொடங்கியதுதான். அதனாலோ என்னவோ, அந்தச் சக்கரத்தடியில் நின்றபோது அந்நியமாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 7, சனி

காலையில் பூஜை. கொழுக்கட்டை மாவு இரண்டு முறை இறுகிப்போய், மூன்றாம் முறைதான் வசப்பட்டது. தண்ணீரின் குற்றம் என்று மகள் சொல்கிறாள். என் கைப்பழக்கம் விட்டுப்போனதுதான் காரணம், அவள் அதைச் சொல்லவில்லை.

மாலையில் விம்பிள்டன் கணபதி கோயில். செருப்பு வைக்க இடமில்லாத கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, “நீங்கள் இந்தியாவோ?” என்றார். ஆமாம் என்றதும் தன் கையிலிருந்த மோதகத்தில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். ஊரில் இப்படி முன்பின் தெரியாதவர்களிடம் நான் வாங்கித் தின்றதே கிடையாது.

செப்டம்பர் 8, ஞாயிறு

கோலியர்ஸ் வுட்டில் பெரிய கடைகளுக்குப் பின்னால் பத்தே முக்காலுக்குக் கூடினோம். நாற்பது பேர் இருக்கலாம். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு தலைமுடி நரைத்த தம்பதி, கைக்குழந்தையோடு ஒருத்தி. ஒரு தாளில் கையெழுத்து. பிறகு நாற்பது வயதுப் பெண் ஒருத்தி பெட்டியின் மேல் ஏறி நின்று விதிகளைச் சொன்னாள். கையில் சிராய்ப்பு இருந்தால் பிளாஸ்டர் ஒட்டுங்கள், எலிக்காய்ச்சல் வரும். கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். ஊசி கண்டால் தொடாதீர்கள், கூப்பிடுங்கள். வேரோடு நீருக்குள் ஆடும் பச்சைக் கொடியைப் பிடுங்காதீர்கள், அது மீனின் வீடு.

மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்கு இங்கே ‘வேடர்’ என்று பெயர். கண்ணப்ப நாயனார் ஞாபகம் வந்தது. சுடிதாரோடு அதற்குள் இறங்கி, தோள்பட்டி மாட்டத் தெரியாமல் நின்றேன். பெட்டி மேல் நின்ற அதே பெண் வந்து, சேலைக் கொசுவம் சரி செய்வது போலப் பொறுமையாக இழுத்து மாட்டிவிட்டாள். என் வயதை யாரும் கேட்கவில்லை. தண்ணீரில் இறங்க விருப்பமா, கரையில் நிற்க விருப்பமா என்று மட்டும் கேட்டாள். இறங்குகிறேன் என்றேன். மாப்பிள்ளைதான் இரண்டடி தள்ளி நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

தொடையளவு தண்ணீர். குளிர் ரப்பருக்கு வெளியே நின்று கையால் அழுத்துவது மாதிரி இருந்தது. ஆளுக்கு ஒரு கயிறு, அதன் நுனியில் கொக்கிகள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க நாம் வைத்திருந்தோமே, அதே பாதாளக் கரண்டி! வீசி இழுத்தேன். முதல் வீச்சில் ஒரு சைக்கிள் சக்கரம். கரையில் கை தட்டினார்கள். அறுபத்திரண்டு வயதில் கை தட்டு வாங்குவது நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம்தான் மானம் போனது. நீரில் குறுக்காக ஒரு மரத்தடி கிடந்தது. எவனோ வெட்டிப் போட்டிருக்கிறான் என்று கொக்கியை மாட்டி இழுக்க ஆரம்பித்தேன். நாலு பக்கமிருந்தும் ‘வேண்டாம் வேண்டாம்’ என்று கத்தினார்கள். அது அவர்களே இறக்கி, கட்டை அடித்து நிறுத்திய மரமாம்.

பக்கத்தில் வேலை செய்த எழுபது வயதுப் பெரியவர் நிதானமாக விளக்கினார். மில்களுக்காக மடை கட்டி, கரையைக் காங்கிரீட்டாக்கி, ஆற்றை அகலப்படுத்திவிட்டார்கள். அகன்ற ஆறு சோம்பேறியாகிவிடும், சேறு படியும். டிரவுட் குளிர் வரும்போது கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையிடும். கல்லிடுக்கில் தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. சேறு மூடினால் அத்தனையும் செத்துவிடும். மரத்தடியைக் குறுக்கே வைத்தால் தண்ணீர் நெருக்கியடித்து ஓடும், தானே சேற்றைக் கழுவிக்கொள்ளும். சில இடங்களில் லாரி லாரியாகக் கூழாங்கல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். மடைகளை உடைத்தோ தாழ்த்தியோ, முடியாத இடத்தில் மீனுக்குப் படி கட்டியோ வைத்திருக்கிறார்கள். முட்டைக் காலத்தில் கூழாங்கல் பக்கம் யாரும் கால் வைக்கக் கூடாது.

இந்த ஆறு 1960-களில் திறந்த சாக்கடை என்றே சொல்லப்பட்டதாம். அதற்கு வெகுகாலம் முன்பே டிரவுட் போய்விட்டது. மெல்ல மெல்ல மீட்டு, மீன் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், 2007 செப்டம்பரில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரின் கலந்த திரவம் ஆற்றில் கலந்து ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அன்று கரையில் வாளியோடு நின்றவர்களில் இந்தப் பெரியவரும் ஒருவர். “மறுபடி முதலிலிருந்து” என்று மட்டும் சொல்லிவிட்டு டயர் ஒன்றைப் புரட்டப் போய்விட்டார்.

கரையோரம் ஒரு குழு செடி பிடுங்கிக்கொண்டிருந்தது. இளஞ்சிவப்புப் பூ, அசப்பில் நம் காசித்தும்பைக்கு அக்கா. இமயமலையிலிருந்து 1839-இல் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்தார்களாம். இப்போது ஆற்றங்கரையெல்லாம் அதுதான். குளிர்காலத்தில் மொத்தமாகச் செத்து, கரையை மொட்டையாக்கி, மண் சரிந்து ஆற்றுக்குள் போகிறது. அங்கேயும் கடைசியில் மண் கூழாங்கல்லைத்தான் மூடுகிறது. தண்ணீரில் மிதந்த இன்னொன்றைப் பார்த்து வல்லாரை என்று ஆசையாகக் கை நீட்டினேன். அதுவும் களை, அமெரிக்காவிலிருந்து வந்தது. துவையல் கனவு கலைந்தது.

பன்னிரண்டரை மணிக்கு ஒரு தரைவிரிப்பு தட்டுப்பட்டது. ஒரு அறை முழுக்க விரிக்கிற அளவு. ஐந்து இளைஞர்கள் நடுவில் பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை. நடுவில் இழுத்தால் நனைந்த துணி வராது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு நம்மைத்தான் உள்ளே இழுக்கும். பாபநாசத்தில் ஒரு பையன் அப்படி விழுந்து பல் உடைந்திருக்கிறான். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, “மேல் பக்கத்து நுனியைத் தூக்கச் சொல்லுங்க. தண்ணி அடியில போகட்டும். அப்படியே பாய் சுருட்டுற மாதிரி சுருட்டணும்” என்றேன். அவர் சொன்னார். சுருட்டினார்கள். கால் மணி நேரத்தில் கரையேறிவிட்டது. எங்கே கற்றீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். பாபநாசம் என்றேன். அவள் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்து, ஏதோ பயிற்சிக் கல்லூரி என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. திருத்தவில்லை.

அந்தப் பெருமையிலேயே பின்னால் கால் வைத்தேன். முழங்கால் வரை சேறு. கால் வரவில்லை, உடம்பு சாய்ந்தது, மெல்ல, மரியாதையாக, ஆற்றில் உட்கார்ந்துவிட்டேன். மார்பு வரை உள்ள ரப்பருக்குள் தண்ணீர் மொண்டுகொண்டு இறங்கியது. ‘ஐயோ அம்மா’ என்று நான் போட்ட சத்தத்துக்கு அர்த்தம் யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஒருத்தி தன் காய்ந்த காலுறையைக் கழற்றிக் கொடுத்தாள்!

கரையில் போர்வையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அது நடந்தது. சுருட்டைமுடிப் பையன் ஒருவன், இருபது வயதிருக்கும், ஆற்றிலிருந்து ஏறி வந்தான். எல்லாரும் எடுத்ததைக் குவியலில் வீசிக்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, என் முன்னால் வந்து குனிந்தான். பிள்ளையார். ஒரு சாண் உயரம். தும்பிக்கை பாதி இல்லை. பச்சை வண்ணம் காது மடிப்பில் மட்டும் ஒட்டியிருந்தது. நேற்றுப் போட்டதில்லை, பல மாதங்கள் கிடந்திருக்க வேண்டும்.

இது உங்கள் கடவுளா, குவியலில் வைக்கலாமா கூடாதா, உங்கள் வழக்கம் என்ன என்று கேட்டான்.

முப்பது வருடம் வகுப்பெடுத்த எனக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. வழக்கப்படிதான் இது ஆற்றுக்குள் வந்தது என்று எப்படிச் சொல்வது? முகம் சுட்டது. எங்கள் ஊர்ப் படித்துறையில் துணியை விட்டவர்களை நான் எத்தனை திட்டு திட்டியிருக்கிறேன்! இந்தப் பையன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றான்.

“நான் கொண்டுபோறேன்” என்று கை நீட்டி வாங்கிக்கொண்டேன். தேங்காயும் அவ்வப்போது கிடைக்கும், அதில் எங்களுக்குக் குழப்பமில்லை, சிலை வந்தால்தான் என்ன செய்வதென்று தெரியாமல் ஏதாவது மதில்மேல் வைத்துவிடுவோம் என்று பெட்டிப்பெண் சொன்னாள்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. வீட்டிலிருந்து செய்து கொண்டுவந்த கேக்குகள், பெரிய பாத்திரத்தில் டீ. காசு கிடையாது. இந்த ஊரில் நான் குடித்த ஒரே நல்ல டீ இதுதான், நனைந்து நடுங்கியதாலும் இருக்கலாம். நேற்று மிஞ்சிய கொழுக்கட்டையை ஆவியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். பெரியவர் மூன்று தின்றார். உள்ளே இருப்பது தேங்காயும் வெல்லமும் என்றதும், ஆற்றில் வரும் தேங்காயா என்றார். வானிலை நன்றாக இருக்கிறது என்ற பாட்டியின் அதே முகம். பிள்ளையாரை மேசை ஓரத்தில் வைத்திருந்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் யாரோ அவர் முன்னால் ஒரு பிஸ்கட்டை வைத்திருந்தார்கள்.

கிளம்பும் முன் பெரியவர் என்னைப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். நிழலைப் பாருங்கள், மீனைத் தேடாதீர்கள் என்றார். பார்த்தேன். கூழாங்கல் மேல் ஒரு நிழல் அசையாமல் நின்றது. கண் பழகியதும் அதற்கு மேலே புள்ளிபோட்ட உடம்பு, ஓட்டத்தை எதிர்த்து வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு. நான் மூச்சை விட்டதும் காணோம். ரொனால்டோவாக இருக்கும் என்று பேரனிடம் சொல்லப்போகிறேன்.

பஸ்ஸில் பிள்ளையார் என் கையில், கடைப்பைக்குள். இருக்கையில் ஈரம் படாமலிருக்க நின்றுகொண்டே வந்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

எழுந்திருக்க முடியவில்லை. தோள், இடுப்பு, எனக்கு இருப்பதே தெரியாத சில இடங்கள். கோடாலித் தைலம் பாதி புட்டி காலி. மகள் ஒன்றும் சொல்லாமல் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளையிடம் மட்டும் பேசவில்லை.

மூன்றாம் நாள் கரைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மாலையில் கொல்லையில் வாளி வைத்து, மண் பிள்ளையாரை இறக்கினோம். ஆற்றிலிருந்து வந்தவரையும் அதே வாளியில் பக்கத்தில் உட்கார வைத்தேன். பேரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு மணி நேரத்தில் 9 பவுண்டுப் பிள்ளையார் அடியில் சேறாகப் படிந்துவிட்டார். மற்றவர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

“அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அத்தை. இப்போதைக்குக் கரையாது.”

செப்டம்பர் 10, செவ்வாய்

சேற்றுத் தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றிவிட்டு, வாளியில் புதுத் தண்ணீர் பிடித்து அவரைத் திரும்ப வைத்தேன். மத்தியானம் பக்கத்து வீட்டுப் பூனை மதிலேறி வந்தது. வாளிக்குள் எட்டிப் பார்த்தது. உடைந்த தும்பிக்கையை மோந்துவிட்டு, இரண்டு மடக்கு தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.